தீப்பெட்டி அறை

என் பட்டறை அலமாரியில் ஒரு தீப்பெட்டி நிற்கிறது. உள்ளே குச்சி கிடையாது. வெள்ளை அடித்து, நீலத்தில் ஒரு கதவு வரைந்திருக்கும். பார்த்தால் சின்ன அறை மாதிரி தெரியும். யாராவது எடுத்தால் வாங்கி வைத்துவிடுவேன்.

அது கார்டு அண்ணாச்சி செய்தது. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய பொம்மை ரயிலை மாடி அறையில் பலகை போட்டு ஓட விட்டிருந்தார். அறை சின்னது, அதனால் தண்டவாளம் ரொம்ப நெருக்கி வளைந்தது. அந்த வளைவின் உள்பக்கம் ஒரு பிளாட்பாரம் வேண்டும் என்று கூப்பிட்டார். நான் தச்சு வேலைக்காரன். மாதிரிக்குப் பழைய போட்டோ ஒன்று கொடுத்தார். வளைவில் ஒரு சின்ன ஸ்டேஷன். இரண்டு வேம்பு, ஒரு பெஞ்சு, வேறொன்றும் இல்லை. ஊர் பேர் சொல்லவில்லை.

தண்டவாளம் வளைந்தாலும் பெட்டி வளையாது. திரும்பும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும். பெட்டியின் நடுவில் பென்சிலைக் கட்டி, கீழே அட்டை விரித்து, மெல்லத் தள்ளினேன். பென்சில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி பிளைவுட்டை அறுத்துப் பொருத்தினேன். ரயில் இடிக்காமல் போனது. ஆனால் கதவுகள் பெட்டியின் இரண்டு முனையிலும் இருந்தன. அங்கே என் சுண்டுவிரல் நுழையும் அளவு சந்து விழுந்தது.

"இது ஆகாது. கதவுகிட்ட சந்தே இருக்கக் கூடாது" என்றார்.

"கதவ ஒட்டுனா நடுவயிறு இடிக்கும் அண்ணாச்சி."

"உம்ம வயித்தயே உம்மால குறைக்க முடியல. ரயில் வயித்துக்கு வக்காலத்து வாங்குதீராக்கும்."

கதவை ஒட்டி வர மறுபடி நான்கு முறை அறுத்தேன். நான்கு முறையும் இடித்தது. நான்காம் நாள் அவரே சொன்னார். போட்டோவில் இருந்த ஸ்டேஷனில், நாகலாபுரத்துப் பொம்பளை ஒருத்தி வத்தல் மூட்டையோடு ஏறும்போது கால் வழுக்கி அந்தச் சந்தில் விழுந்துவிட்டாள். இவர் பச்சைக் கொடி காட்டிவிட்டார். வண்டி நகர்ந்துவிட்டது.

"வளைவுல்லா. கடைசிப் பெட்டியில இருந்து எனக்குத் தெரியல. விசாரணையிலயும் அதத்தான் சொன்னேன்."

நான் இன்னொரு துண்டை வைத்தேன். ஓரம் சரியா என்று பார்க்க, கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் கன்னத்தைப் பலகையில் சாய்த்து ஒரு கண்ணை மூடினேன். எந்தப் பலகைக்கும் அப்படித்தான் நேர் பார்ப்போம்.

"இங்கன இருந்து பாத்தா அத்தன கதவும் தெரியுதே அண்ணாச்சி" என்றேன்.

வேலையைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது கேட்டது. அவர் ரயில் சுவிட்சை அணைத்தார்.

"போதும். நீரு போயிட்டு வாரும்."

அப்புறம் கூப்பிடவில்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். போய், என் கண் சரியில்லை அண்ணாச்சி என்று சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். போகவில்லை.

பொங்கல் கழிந்து அவர் இறந்தார். பலகையைப் பிரிக்க மகன் என்னைக் கூப்பிட்டார். நான் வைத்த துண்டு அப்படியே இருந்தது. சந்தும் இருந்தது. பிளாட்பாரத்து நடுவில் இந்தத் தீப்பெட்டி நின்றது. போட்டோவில் அப்படி ஓர் அறை கிடையாது. பழைய இடத்தில் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தேன். முன்னால் உள்ள ஒரு கதவும் தெரியாமல் தீப்பெட்டி மறைத்தது.

எடுத்தேன். எல்லாம் தெரிந்தது. அது ஒட்டாமல் சும்மா நின்றிருந்தது. நின்ற இடத்தில் அவர் பூசியிருந்த சாயம் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. ஒரு தடவை இரண்டு தடவை எடுத்து வைத்தால் அவ்வளவு தேயாது.

அன்றைக்கு அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. திரும்ப அதே இடத்தில் வைத்தேன். தண்டவாளம், பெட்டி, பிளாட்பாரம் எல்லாம் கழற்றிவிட்டு அதைக் கடைசியாக எடுத்தேன்.

"குப்பதானண்ணே?" என்றார் மகன்.

"ஆமா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இன்றும் பலகைக்கு நேர் பார்க்கக் குனிகிறேன். தெரிவதைச் சொல்வதில்லை. அலமாரியில் தீப்பெட்டியைத் தூக்கித் தூசி துடைக்கும்போது, அது நின்ற இடத்தைப் பார்க்கிறேன். அங்கேயும் சாயம் தேய ஆரம்பித்திருக்கிறது.