மனைவி தேர்ந்தெடுத்த தடித்த கோடு

என் மனைவி வேட்டைத் துவக்கு வாங்கப் போகிறாள் என்றபோது எங்கள் பங்குக் கோவில் ஆட்கள் அதைப் பகிடி என்றுதான் நினைத்தார்கள். கார்டெரி எனப்படும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தீத்தி நித்திரையாக்குகிறவள் அவள். சண்டைக் காலத்து மன்னாரில் வளர்ந்தவள். வெடிச்சத்தம் கேட்டால் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்த காலம் அவளுக்கு இருந்தது.

முதலில் வேட்டைக்குப் போனது நான்தான். நாங்கள் இப்போது இருக்கும் லாசாலில் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர், தன் குடும்பத்துக்குச் சொந்தமான காட்டுக்கு என்னைக் கூட்டிப் போனார். அந்த வருடம் எனக்கு மான் கிடைக்கவில்லை. கதைகள் மட்டும் கிடைத்தன. அவற்றை வீட்டில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவள், அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னாள். சத்தத்துக்குப் பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா இவ்வளவு காலமும் ஆரோ சுட்ட சத்தத்துக்குத்தானே பயந்தனான். நானே சுட்டா எப்பிடி இருக்குமெண்டு பாப்பம்," என்றாள்.

பயிற்சி வகுப்பையும் பரீட்சையையும் பிரெஞ்சிலேயே முடித்து உரிமம் எடுத்தாள். பயிற்சித் திடலில் முதல் வெடி வைத்ததும் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். போவமா என்று கேட்கலாமா என யோசித்தேன். அதற்குள் அவளே அதைத் திரும்பக் கையில் எடுத்தாள்.

அந்தக் கியூபெக் நண்பரின் தங்கை வேட்டையை விட்டுவிட்டதால், தங்கையின் ரைஃபிளை இவள் வாங்கிக்கொண்டாள். பாரமில்லாத, நல்ல ரைஃபிள். ஆனால் அதில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் லொங்கேய் நகரப் பக்கம் இருக்கும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம்.

ஸ்கோப்புக்குள் பார்த்தால் நடுவில் குறி வைக்கும் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளின் அமைப்பை ரெட்டிகிள் என்பார்கள். என்னுடையதில் நடுப்புள்ளிக்குக் கீழே ஏணிப்படி போலச் சின்னச் சின்னக் கோடுகள் இறங்கும். குண்டு தூரத்தால் தாழ்வதற்குச் சில, காற்றால் விலகுவதற்குச் சில. பல இரவுகள் இணையத்தில் வாசித்து வாங்கியது. அதே மாதிரியை அவளுக்கும் எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அந்தக் காட்டுக்குள்ள எவ்வளவு தூரம் தெரியும்?"

"மரம் நெருக்கம். நூறு மீற்றருக்கு அங்காலை ஒண்டும் தெரியாது."

"அப்ப இவ்வளவு கோடும் எனக்கென்னத்துக்கு?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறொன்றை எடுத்தார். நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் வகை. அவளுடைய கண்ணில் உள்ள குறையால் அந்தப் புள்ளி உருண்டையாகத் தெரியாமல் சிதறித் தெரிந்தது. அதை மறைக்காமல் சொன்னாள். பிறகு கடையின் வெளிச்சத்தில் பார்த்துத் தன்னால் முடிவெடுக்க முடியாது, வெளியே இருட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டாள். அவர் நாலைந்து ஸ்கோப்புகளோடு எங்களைப் பின்கதவுக்குக் கூட்டிப் போனார். வேலிக்கு அப்பால் இலையுதிர்ந்த பற்றை, அதன் அடியில் நிழல். குளிரில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில், நான்கு பக்கமிருந்தும் தடித்து வந்து நடுவில் மட்டும் மெலியும் சாதாரணச் சிலுவைக் கோட்டை எடுத்தாள். கடையில் இருந்தவற்றில் ஆகப் பழைய அமைப்பு அது. இன்னொருக்கால் யோசியும் என்று காரில் ஏறும் வரை சொல்லிப் பார்த்தேன். அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

நவம்பரில் காட்டுக்குப் போனோம். நண்பர் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நாங்கள் இருவரும் செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு பலகை மறைவு ஒன்றுக்குள் இருந்தோம். மான் வந்தால் அவள்தான் சுடுவது என்று பேசி வைத்திருந்தோம். பொழுது சாய்கிற நேரம் பற்றைக்குள்ளிருந்து ஒரு கிடாய் மான் வெளியே வந்து, எங்களை நேரே பார்த்தபடி நின்றது. நானும் என் ஸ்கோப்புக்குள் பார்த்தேன். என் மெல்லிய கோடுகள் சுள்ளிகளோடு சுள்ளியாகக் கலந்து, நடுப்புள்ளி எங்கே என்றே பிடிபடவில்லை.

"சுடும்," என்று குசுகுசுத்தேன்.

"இல்லை. அது திரும்பட்டும்."

மான் போய்விடுமே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. மான் தலையைத் தாழ்த்தி, மெல்ல நடந்து, நெஞ்சு முழுதாகத் தெரியப் பக்கவாட்டில் நின்றது. ஒரே வெடி. துள்ளிப் பாய்ந்து, கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது. நண்பர் சொல்லித் தந்தபடி சற்றுப் பொறுத்துத்தான் கிட்டப் போனோம். அவள் கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு சிலுவை அடையாளம் போட்டாள். தடித்த கோடுகள் தன் கண்ணை நடுவுக்குக் கொண்டுபோய் விட்டதாக மட்டும் சொன்னாள்.

நண்பர் வந்து காயத்தைக் குனிந்து பார்த்தார். நெஞ்சின் சரியான இடம். அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கி, தான் என்றால் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டேன் என்று பிரெஞ்சில் சொன்னார். அந்த வார்த்தையை அவள் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. எனக்கே விளங்கியது.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். மான் இறைச்சியில் அவள் பிரட்டல் வைத்திருந்தாள். ஒரு அண்ணை ருசித்துவிட்டு என் தோளில் தட்டி, "நல்ல குறி உமக்கு," என்றார்.

"எனக்கில்லை அண்ணை. சுட்டது அவ," என்றேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நான் கடையின் பின்கதவிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். காணும், ஆக்கள் சாப்பிடட்டும் என்று அவள் குசினியிலிருந்து சொன்னாள். நான் நிறுத்தவில்லை. பிந்தி வந்தவர்களுக்கு முதலிலிருந்து திரும்பவும் சொன்னேன்.