பரிதா அக்கா கிழித்த காகிதம்

இன்று சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சை விவசாயிகள் சங்கத்தில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர்களுக்கு நான் செய்துகொடுத்த ஆன்லைன் படிவத்தில் ஒரு வியாதி. பெயர், முகவரி எல்லாம் அடித்துவிட்டு 'கிராமம் தேர்வு' பட்டனை அமுக்கினால் சின்ன ஜன்னல் திறக்கும். பின்னாலேயே படிவம் முழுக்கக் காலியாகிவிடும்.

"ஒரு ஆளுக்கு நாலு வாட்டி அடிக்கிறேன் தம்பி. செயலாளரு பேப்பருக்கே போயிருவோம்ங்கிறாக" என்றார், அங்கே கணினியில் உட்காரும் பரிதா அக்கா. மறந்துவிடாமலிருக்க, 'முதலில் கிராமம், பிறகு பெயர்' என்று எழுதி மானிட்டரில் ஒட்டியே வைத்திருந்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஜன்னலைத் திறக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இரண்டு மணி நேரம் குடைந்தேன். தப்பு அங்கே இல்லை. பட்டன் என்ன வகை என்று நான் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் பிரவுசர் அதை 'அனுப்பு' பட்டனாக எடுத்துக்கொண்டு, படிவத்தை அனுப்பிவிட்டுப் பக்கத்தைப் புதிதாகத் திறந்துவிடும்.

type="button", அதாவது 'இது வெறும் பட்டன்தான்' என்று சேர்த்தேன். அவ்வளவுதான்.

அக்கா அமுக்கினார். ஜன்னல் திறந்தது. அடித்த பெயர் அசையவில்லை.

"ஆத்தாடி, அப்படியே நிக்குது!"

ஒட்டியிருந்த காகிதத்தைத் தானே கிழித்து என் கையில் கொடுத்தார்.

இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ். தேனியில் ஃப்ரேம் போட நல்ல கடை எது, சொல்லுங்கள் மக்களே.