சமதரையில் ஓடிய கார்

எங்கள் முற்றத்தில் ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் நின்றது என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நின்றது. எழுபத்தேழில் தமிழரை அடித்துத் துரத்திய கலவரத்துக்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்ததோ, மாரி முடிகிற நேரம், தர்மபுரத்தில், எங்கள் மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றது.

கொண்டுவந்தவன் என் தம்பி. கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவன். நாட்டைவிட்டுப் போன முதலாளி அந்தக் காரை அவனிடம் விட்டுவிட்டுப் போனாராம். கடும்பச்சை நிறம். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை துணியால் ஆனது, மடித்துப் பின்னால் வைக்கலாம். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். மற்றக் கார்களில் ஏறுவார்கள். இதில் குளத்தில் இறங்குவது போலக் காலை விட்டு இறங்க வேண்டும். அயலில் உள்ளவர்கள் வேலை மினக்கெட்டு வந்து பார்த்தார்கள். எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைப்பான்?

பெரிய ரோட்டிலிருந்து எங்கள் வளவுக்கு வருவது வண்டில் பாதை. சில்லுகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் புல் முளைத்த திட்டி. வண்டிலின் அச்சு உயரத்தில் போவதால் அந்தத் திட்டி அதை ஒன்றும் செய்யாது. தம்பியின் கார் அந்தத் திட்டியில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் வந்தது. முற்றத்துக்கு வரும்போது உழுகிற மாதிரி ஒரு சத்தம். பார்த்தால், புகை போகிற சைலன்சர் குழாய் ஒரு பக்கம் கழன்று நிலத்தில் இழுபடுகிறது.

"அத்தான், கிட்டடியில கராஜ் ஒண்டும் இல்லையோ?" என்று தம்பி என் வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"பரந்தனில இருக்கு மச்சான். ஆனா திரும்பவும் உந்தப் பாதையால போனியெண்டா நீ பரந்தனில நிப்பாய், குழாய் இஞ்ச கிடக்கும்."

ஆக, வீட்டிலேயே காரைத் தூக்கி, ஒருவர் கீழே படுத்து, குழாயைக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். படுக்கப் போகிறவன் தம்பி. அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் நான். அவ்வளவு இரும்புக்கும் அடியில் அவன் நெஞ்சைக் கொடுக்கப் போகிறான் என்று கேட்ட உடனேயே எனக்கு அடுப்பில் இருந்த கறி மறந்துபோயிற்று. தூக்குவதை நான் நின்று பார்ப்பேன், நான் சரி என்று சொன்ன பிறகுதான் நீ கீழே போகலாம் என்றேன்.

"நீங்கள் எப்ப அக்கா மெக்கானிக் ஆனனீங்கள்?"

"நான் ஆகேல்லை. நீ ஆனனியோ?"

காரை ஓட்டத்தான் அவனுக்குத் தெரியும். கொழும்பில் கராஜ்காரர் தூக்குவார்களாம், இவன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்பானாம்.

காரின் பின்பெட்டியில் ஒரு ஜக் இருந்தது. திருகத் திருக உயருகிற இரும்பு. காரின் விலாப்பக்கத்தில் வைத்துத் தூக்கலாம் என்றான் தம்பி. என் வீட்டுக்காரர் அந்த இடத்தை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். கறள் பிடித்த இரும்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இது பிஸ்கற் தகரம் மச்சான். வண்டிலுக்குக் குடுக்கிற மாதிரி அச்சின்ர நடுவில குடுப்பம்."

பின் சில்லுகள் இரண்டையும் சேர்த்து ஒரு அச்சு இருந்தது. அதன் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை. அதற்கு நேரே கீழே ஜக்கை வைத்துத் திருகினோம். மழை ஈரத்தில் நிலம் கூழாகக் கிடந்தது. கார் மேலே போகவில்லை, ஜக் கீழே போயிற்று. பிறகு வயல் மட்டப்படுத்துகிற பலகையைக் கொண்டுவந்து அடியில் போட்டோம். இந்த முறை காரின் பின்பக்கம் மெல்ல மெல்ல எழும்பியது. இரண்டு பின் சில்லுகளும் நிலத்தை விட்டன. தம்பி உள்ளே கையை விட்டுக் கைப்பிரேக்கை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

"இனி இது அசையாது" என்றான். சாக்கை விரித்து, அதில் குந்தி, காலையும் நீட்டிவிட்டான்.

வண்டில் தூக்கினால் எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. முட்டுக் கொடுத்த பிறகு, கீழே போகிற ஆள் அல்லாமல் வேறொருவர் தோளால் ஒருக்கால் இடித்துப் பார்ப்பார். நிற்க வேண்டியது நிற்கும், விழ வேண்டியது அப்போதே விழுந்துவிடும்.

"பொறு, நான் இன்னும் இடிக்கேல்லை" என்றேன்.

"அக்கா, இது மாட்டுவண்டிலோ?"

நான் பின்பக்கமாகப் போய்த் தோளைக் கொடுத்தேன். பெரிய இடி இல்லை. கன்று தாயை முட்டுகிற அளவுதான். கார் முன்னால் ஓடியது. ஜக் சரிந்து சேற்றில் படுத்தது. பூசணிக்காய் பலகையில் விழுந்த சத்தத்துக்குக் கொட்டிலில் மாடுகள் எழும்பிவிட்டன. தம்பி நீட்டிய காலை எப்போது மடக்கினான் என்று நான் காணவில்லை. சாக்கின் ஒரு மூலை காருக்குக் கீழே அகப்பட்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவுப் பெண் ஓடிவந்தாள். கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து எங்களுக்கு அருகில் குடியேறிய குடும்பம். நல்ல சிரிப்புக்காரி.

"என்னாக்கா, சில்லுக்குக் கல்லு வெக்கலியா? எங்க பக்கம் லாரி நின்னா, இன்ஜின அமத்துறதுக்கு முன்னாடியே கல்லு வெச்சிருவாங்க."

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. "அது உங்கட மலையில. இது சமதரை."

"சமதரையிலதான் இப்ப ஓடிருச்சேக்கா!"

என் வீட்டுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம்பியும் சிரித்தான், ஆனால் அவனுடைய முகம் வெளிறித்தான் இருந்தது. கல்லு வைத்துவிட்டு மறுபடியும் தூக்குவோம் என்றார் இவர். எனக்கு அது காணாது. இழுத்துப் பூட்டிய பிரேக் ஏன் பிடிக்கவில்லை? அது தெரியாமல் தம்பியை நான் கீழே விடமாட்டேன் என்றேன்.

"பிரேக் பழுதாக்கும்" என்றார் இவர்.

அப்படியென்றால் இப்போது தள்ளினாலும் ஓட வேண்டுமே. ஜக்கை எடுத்துவிட்டு, நாலு சில்லும் நிலத்தில் நிற்க, எல்லாருமாகச் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை. பிரேக்கில் பழுது இல்லை. நிலத்தில் நின்றால் பிடிக்கிறது, தூக்கினால் விடுகிறது. இது என்ன விளையாட்டு? எனக்குப் பயத்தை விட இதை அறிகிற ஆசை கூடிவிட்டது.

"எடேய், உந்தப் பிரேக் எந்தச் சில்லைப் பிடிக்குது?"

"எல்லாத்தையும்தான் எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறது காணாது. முன் சில்லு ஒண்டைத் தூக்கு, பாப்பம்."

"குழாய் பின்னுக்கெல்லோ கிடக்குது அக்கா!"

"குழாய் ஓடாது. நீ தூக்கு."

கல்லுக்கு எங்கே போவது? எங்கள் மண்ணில் கைப்பிடிக் கல்லுக்கும் பஞ்சம். உரலைச் சரித்து வைப்போமா என்று இவர் கேட்டார். மா இடிக்கிற உரலைக் காருக்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். பின்வளவில் நெல் அவிக்கிற அடுப்பின் கல்லுகள் கிடந்தன. அவற்றைக் கொண்டுவந்து பின் சில்லுகளை இறுக்கிவிட்டு, முன் சில்லு ஒன்றைத் தூக்கினோம். பிரேக் இழுத்தபடிதான் இருந்தது. நான் சில்லில் கையை வைத்துத் தள்ளினேன். ராட்டினம் போலச் சுற்றியது.

பிறகு அதை இறக்கி, கல்லுகளை முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் மாற்றி, கல்லுப் போதாத இடத்துக்கு மரக்கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கினோம். பின் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். மாடு முரண்டு பிடிக்கிற மாதிரி நின்றது.

"அப்ப, பிடிச்சுக்கொண்டு நிண்ட ரெண்டையும் நாங்கள்தான் ஆகாயத்துக்குத் தூக்கினனாங்கள்" என்றேன்.

இவர் கொஞ்ச நேரம் நாடியைத் தடவினார். "வண்டிலுக்கு மாட்டை அவிழ்த்தால் நுகம் நிலத்தில குத்திக்கொண்டு நிக்கும். அது ஓடாது. இதுக்கு முன்னுக்கும் சில்லெல்லோ கிடக்குது" என்றார்.

ஒரு வண்டில் தெரிந்தால் எல்லா வண்டிலும் தெரியும் என்றுதான் அதுவரை இருந்தோம். வீடு கட்டியபோது மிஞ்சிய முதிரைக் கட்டைகள் இருந்தன. உருண்டை இல்லாத, அடி தட்டையானவையாகப் பார்த்து எடுத்து, பலகை போட்டு, சில்லுகளுக்குக் கிட்டவாக அச்சின் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். ஜக்கை மெல்ல இறக்க, அச்சு முதிரையில் வந்து குந்தியது. ஜக்கையும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்க விட்டோம். பிறகு இடித்தோம். நான் இடித்தேன், இவர் இடித்தார், பக்கத்து வளவுப் பெண் சேலையைச் செருகிக்கொண்டு முன்னாலிருந்தும் இடித்தாள். கார் கோயில் தூண் மாதிரி நின்றது.

"போகட்டோ?" என்று தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

கல்லு ஒவ்வொன்றையும் காலால் தட்டினேன். கட்டைகளைக் கையால் அமத்திப் பார்த்தேன். பார்க்க இனி ஒன்றும் இல்லை. "போ" என்றேன்.

போனான். கம்பி முறுக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "ஒராள் குழாயை உயத்திப் பிடிக்கவேணும். எனக்கு ரெண்டு கை காணாது" என்று குரல் வந்தது.

இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கீழேயிருந்து, "அத்தானை விடாதேங்கோ. அவற்ர வண்டி வயிறு உள்ள வந்தால் கார் இன்னும் உயரும்" என்றான் தம்பி.

"நான் போறேங்க்கா" என்றாள் பக்கத்து வளவுப் பெண்.

நான் விடவில்லை. சரி என்று சொன்ன வாய் என்னுடையது. அந்தச் சொல்லின் கீழே வேறொருத்தி போய்ப் படுப்பாளா? சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, சாக்கில் மல்லாந்து படுத்து, குதிக்காலால் உந்தி உள்ளே போனேன்.

முகத்துக்கு ஒரு சாண் மேலே முழு இரும்பு. பிறகு கண் பழகிவிட்டது. வெளியே அவ்வளவு மினுக்கமான கார், கீழே எங்கள் பாதையின் சேறும் புல்லுமாகக் கிடந்தது. எண்ணெய் வாசம். கைப்பிரேக் பக்கமிருந்து ஒரு கம்பி வந்தது. அது அச்சுக்குக் கிட்ட இரண்டாகப் பிரிந்து, ஒன்று இந்தச் சில்லுக்கும் மற்றது அந்தச் சில்லுக்கும் போயிற்று. விரலால் தொட்டுத் தொட்டு அது போகிற வழியைப் பார்த்தேன். அதற்கு மேலே இன்னும் என்னென்னவோ இருந்தன. சுருள், குழாய், திருகாணி, எதற்கென்று தெரியாத ஒரு சின்னப் பெட்டி.

"அக்கா, குழாயைப் பிடியுங்கோவன். கை உளையுது."

"பொறடா. உந்தப் பெட்டி என்னத்துக்கு?"