பெயரில்லாமல் வந்த பேட்ச்

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் சின்ன காஞ்சிபுரத்தில் ஜெயலக்ஷ்மி பார்த்த வேலையைப் போல விசித்திரமான வேலையை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பகலில் டெலிபோன் லைனில் மோடத்தைக் கத்தவிட்டு மின்னஞ்சல்களை இறக்குவாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அவற்றை அச்சடிப்பாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டித் தனியே எடுத்து வைப்பாள்.

அவள் கணவர் சக்ரவர்த்திக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் உத்தியோகம். சம்பளம் கொடுத்தது அந்த உத்தியோகம். மனுஷரைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொண்டு, பிரித்துப் பார்த்து, திருத்தவும் செய்யலாம் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளம் ஒன்றில் தமிழ்ப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பிழைகளைத் திருத்தி அனுப்புவார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். கம்பெனி பஸ்ஸில் சிவப்புப் பேனாவும் கையுமாக அவர் படித்துக்கொண்டு போனது இந்தத் தாள்களைத்தான்.

பெயரை வெட்டும் வழக்கம் ஒரு சண்டையில் பிறந்தது. வேலூர்க்காரர் தனசேகரன் நல்ல உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். எல்லாரும் படிக்கிற மடல் குழுவில் ஒருநாள் போட்டு உடைத்தார். "சக்ரவர்த்தி சார் பேட்சைப் பார்க்கறதுக்கு முன்னாடி பேரைப் பார்க்கறாரு. அவங்க ஆளுங்க பேரு இருந்தா உள்ள போவுது. நம்ம பேரு இருந்தா வாசல்லயே நிக்குது" என்று எழுதியிருந்தார். சக்ரவர்த்தி அன்று சாப்பிடவில்லை. கோயில் கோஷ்டியில் யாருக்கு முதல் தீர்த்தம் என்பதற்காகத் தாத்தா காலத்திலிருந்து கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் அவருடையது. அந்த வம்பே வேண்டாம் என்றுதான் கம்ப்யூட்டர் பக்கம் ஒதுங்கியிருந்தார். அது இங்கேயும் வந்து நின்றது.

"இனிமே எவர் பேரும் எனக்குத் தெரிய வேண்டாம். வெட்டிடு" என்றார் மனைவியிடம்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவள் ஜெயலக்ஷ்மி. கல்யாணத்துக்குப் பிறகு தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்ததோடு அந்தப் படிப்பு நின்றுவிட்டது. கையில் இருக்கும் தாளைப் படிக்காமல் வெட்ட அவளால் முடியுமா? படித்தாள். புரியாததற்குக் கணவரின் புத்தகங்களைப் புரட்டினாள். அச்சடித்து அச்சடித்து, ஒரு பிழை அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. வரி முடிகிற இடத்தில் 'கா' வந்தால், 'க' இந்த வரியிலும் அதன் கால் தனியாக அடுத்த வரியிலும் விழும். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவளே ஒரு பேட்ச் எழுதினாள். மற்றவர்களுடையதைப் போலவே அதை அச்சடித்து, பெயரை வெட்டி, கட்டுக்குள் செருகிவிட்டாள்.

திருத்தியவர்கள் பட்டியலில் தன் பெயர் ஏற வேண்டும், பெண்டாட்டி என்ற சலுகையில் ஏறக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் தாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. 'தமிழைச் சரிபண்ணப் போய் ஆங்கில வரிகளைக் கெடுத்திருக்கிறார். அடுத்தவர் கஷ்டத்தை யோசிக்காத ஆள்' என்று ஓரத்தில் எழுதியிருந்தது. அவளுக்கு முகம் எரிந்தது. அன்றைய ரசத்துக்குப் புளி கரைக்க மறந்தாள். அவர் அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்தார். ஆனால் அவர் எழுதியது சரிதான் என்று அவளுக்கே தெரிந்தது. திருத்தி மறுபடி செருகினாள். அதுவும் திரும்பியது. அதற்கடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டே அவர் வீட்டுக்குள் நுழைந்தார்.

"யாரோ தெரியலை, பிரமாதமாப் பண்ணியிருக்கார்! பேரைச் சொல்லு, சேர்த்துடறேன்."

"ஜெயலக்ஷ்மி."

"எந்த ஊர்?"

"இந்த ஆத்து ஜெயலக்ஷ்மிதான்."

அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். அது வாடியதையும் பார்த்தாள்.

"ஜெயா, திருத்தத்தைச் சேர்த்துடலாம். பேர் மட்டும் வேண்டாமே. தனசேகரன் என்ன சொல்லுவார்னு நோக்குத் தெரியாதா?"

"பேர் தெரியாத வரைக்கும் பிரமாதம், தெரிஞ்சதும் வேண்டாமா? அப்போ அவர் சொன்னது நெஜம்தானே? நீங்க பேரைத்தானே பாக்கறேள்?"

அவர் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அப்படிக் கேட்டது அவளுக்கும் வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

மறுநாள் அவளே குழுவுக்கு எழுதினாள். 'நான் சக்ரவர்த்தியின் மனைவி ஜெயலக்ஷ்மி. இந்தப் பேட்சை அவர் சேர்ப்பது முறையில்லை. தனசேகரன் சார் பார்த்துச் சொல்லட்டும்.'  வேலையிலிருந்து வந்து அதைப் படித்த சக்ரவர்த்தி, "நார் நாராக் கிழிச்சுடுவார்" என்றார்.

"கிழிக்கட்டும்."

கிழித்தார். 'ஜெயலக்ஷ்மி மேடம், வரி கடைசியில நம்பர் வந்து, அதை ஒட்டித் தமிழ் வந்தா உங்க பேட்ச் படுத்துக்குது. டெஸ்ட் பண்ணீங்களா இல்லியா? அவசரப்பட்டு அனுப்பினா எப்படி? சரி பண்ணி அனுப்புங்க, உங்க பேர்லயே சேர்த்துக்கலாம்.'

மூன்று தடவையும் சக்ரவர்த்தியின் கண்ணில் படாத பிழை அது. மனுஷர் கூசிப் போனார். "நான் வேணா பதில் எழுதட்டுமா?" என்று கேட்டார்.

ஜெயலக்ஷ்மி அந்த மடலை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். குழம்புக்காகவும் கோலத்துக்காகவும் அவள் வாங்காத திட்டு இல்லை. தான் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஒரு காரியத்துக்காக, தன் பெயரைச் சொல்லி ஒருவர் திட்டியது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"கொஞ்சம் நகருங்கோ" என்று கணவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.