அக்காவின் பேச்சு

அக்கா இறால் ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் என் போனில் அவள் பேச்சைப் பதிவு செய்தேன். முகத்துவாரக்குப்பத்துக் கரையில் அப்போதுதான் படகுகள் வந்திருந்தன. வியாபாரிகள் ஆளுக்கொரு விலை கத்தினார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்ட ஒருவரிடம் அக்கா, "அண்ணே, நீ இன்னும் டீ குடிக்கல போலகீது. குடிச்சிட்டு வந்து கேளு" என்றாள். அவரே சிரித்துவிட்டு விலையை ஏற்றினார்.

நான் தொடர்களுக்கும் படங்களுக்கும் பின்னணிக் குரல் கொடுப்பவள். தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் பேச்சை நாக்கிலிருந்து தேய்த்துக் கழுவினேன். எண்ணூரில் 'இன்னா' என்று ரயில் ஏறுகிறவள், பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் 'என்ன'வுக்கு மாறிவிடுவேன். நர்ஸ், கதாநாயகியின் தோழி, கூட்டத்தில் ஒரு குரல் என்று நான்கு வருடம் ஓடியது. பிறகு ஒரு தொடரில் மீன்காரிக்குக் குரல் தேடினார்கள். நானே குப்பத்துக்காரிதான் என்று தைரியமாகப் போய் நின்றேன். மைக் முன்னால் பேச்சு வரவில்லை. வந்த பேச்சும் யாரோ எங்களைக் கேலி செய்வதுபோல் இருந்தது. மறுநாள் வரச் சொன்னார்கள். அதற்காகத்தான் அந்தத் திருட்டுப் பதிவு.

ரயிலில் போகிற வழியெல்லாம் அதைக் கேட்டேன். அன்று நான் பேசியதைக் கேட்டு இயக்குநர் எழுந்து வந்து கை கொடுத்தார். வசனம் முழுக்க வசவு. அக்காவின் இழுப்பையும் நிறுத்தத்தையும் அதில் ஏற்றிக் கத்தினேன். அதன்பின் படத்தில் எவள் தெருவில் நின்று சண்டை போட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

அக்கா அந்தத் தொடரை ஒரு மதியம் பார்த்தாள். தன் பேச்சு என்று உடனே தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் பேசிகீற. ஆனா அந்தப் பொம்பள ஏன் எல்லாரையும் திட்டிகினே கீறா? நான் யாரத் திட்டிகீறேன்?"

எழுதிக் கொடுத்ததைத்தான் பேசினேன் என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அதன்பின் ஒவ்வொரு முறை மைக் முன்னால் நிற்கும்போதும் அந்தக் கேள்வி காலடியில் மணலாக நெருடியது.

சென்ற வருடம் ஒரு படம். மீன்காரியின் கூடையைக் கார் ஒன்று இடித்துத் தள்ளுகிறது. அவள் ஓட்டியவனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள். திரையில் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டியதில்லை, வார்த்தையை மாற்றலாம். நான் ஏசவில்லை. "பாத்துப் போ நைனா. வூட்ல தேடுவாங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். பிறகு இயக்குநர், எழுதியிருப்பதைச் சத்தமாகப் பேசச் சொன்னார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது முறையும். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து அழைப்புகள் குறைந்துபோயின. சரியாகத்தான் செய்தேனா, வீம்புக்குப் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை. போன் அடித்தால் பாய்ந்து எடுக்கிறேன்.

போன வாரம் அந்தப் படத்தை அக்காவோடு அவள் போனில் பார்த்தேன். கூடை கவிழ்ந்தது. வேறு ஒருத்தியின் குரல் காது கிழியக் கத்தியது.

"இது நீ இல்லியே" என்றாள் அக்கா.

நடந்ததைச் சொன்னேன். இப்படியா வேலையை விடுவார்கள் என்று அவள் திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் போனை அணைத்துக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ பேசுனது எங்க கீது?"

"எங்கயும் இல்லக்கா. அழிச்சிருப்பாங்க."

"இன்னா பேசுன? பேசிக் காட்டு."

கூச்சமாக இருந்தது. எழுந்து நின்று பேசிக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"நைனாவ இவ்ளோ இழுக்காத" என்றாள்.

இன்னொரு முறை பேசினேன்.