வீரய்யாவின் வலது கை

வத்தேகம – கண்டி பஸ் கண்டக்டர் வீரய்யாவுக்கு வலது தோளின் தசைநார் பழுதாகி, கை காதுக்கு மேல் போகவில்லை. ஆடுகிற பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாத கண்டக்டரை யார் வைத்துக்கொள்வார்கள்? வெசாக் பண்டிகை வரைக்கும் பார்ப்பேன், பிறகு வேறு ஆள்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

பேராதனைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் அவருக்குத் தனியாகத்தான் பயிற்சி கொடுத்தார்கள். பிசியோதெரபி மிஸ் நிரோஷினி பக்கத்தில் நிற்க, மனிதர் தன் கையையே முறைத்துக்கொண்டிருப்பாராம். வலிக்குப் பயந்து கை பாதியில் நின்றுவிடும். பிறகு அவரை, பலருக்கும் ஒன்றாகப் பயிற்சி கொடுக்கும் எங்கள் கூட்டத்தில் சேர்த்தார்கள். புடவைக்கடையில் மேல்தட்டுத் துணிகளை இறக்கி இறக்கித் தோளைக் கெடுத்துக்கொண்ட நானும் அதில் ஒருத்தி.

"என்னங்க மிஸ், என்னையக் கழிச்சு விட்டுட்டீங்களா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டார்.

"ரெண்டுலயும் பயிற்சி ஒன்னுதான்" என்றார் மிஸ். நானும் நம்பவில்லை. கூட்டத்தோடு நிறுத்துவது ஏமாற்று வேலை என்றுதான் எனக்கும் கோபம்.

சுவரோரம் ஏணி மாதிரி மரக்கம்புகள். கையை ஒவ்வொரு கம்பாக மேலே ஏற்ற வேண்டும். எங்கள் கூட்டத்தில் வயதான அபீபா உம்மா பயந்து பாதியிலேயே நிறுத்திவிடுவார். வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. தொழில் புத்தி எங்கே போகும்? "மேல போங்க உம்மா, எவ்வளவு இடம் சும்மா கெடக்கு" என்று தொடங்கினார். விழுந்து விழுந்து சிரித்தோம். வாரா வாரம் எங்களை விரட்டிக்கொண்டு அவரும் கூடவே ஏற்றினார். தன் கையைப் பார்க்கத்தான் நேரமில்லை.

கடைகளில் வெசாக்குக்கான காகித விளக்குக் கூடுகள் தொங்கத் தொடங்கிய ஒரு நாள், "இங்க வரைக்கும் வாங்க உம்மா" என்று காட்டியவரின் வலது கை உச்சிக் கம்பைப் பிடித்திருந்தது. இடது கை, இல்லாத காசுப்பையை அணைத்திருந்தது. அத்தனை நாள் கெஞ்சியும் வராத கை, கவனிக்காமல் விட்டதும் அங்கே போய் நிற்கிறதே என்று மலைத்துப்போனேன்.

"ஒங்கட கையப் பாருங்க மகன்" என்றார் உம்மா மெதுவாக.

அண்ணாந்து பார்த்தார். யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார். பிறகு அதை இறக்காமலே அழுதார்.

போன வாரம் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வத்தேகம பஸ் வந்து நின்றது. மிதிபலகை வரை ஆட்கள். அவர்கள் தலைக்கு மேலே, கம்பியில், அந்தக் கை.

"ஏறுங்க அக்கா, உள்ளுக்கு இடம் இருக்கு" என்றார் வீரய்யா.

பச்சைப் பொய். ஏறிவிட்டேன்.