எட்டு எண்ணிக்கை மௌனம்

2025 பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி ஐம்பது நிமிடம். காலையில் எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டை மலையின் உச்சியே தெரியாத பனி. மாலையில் வானம் தெளிந்து லேசாகக் குளிர ஆரம்பித்திருந்தது. திண்டிவனம் சாலையில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், என் நெல் மண்டியிலிருந்து கொண்டுவந்த ஜெனரேட்டருக்கு அருகில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேடையில் என் மகள் இருந்தாள். அவள் டி.ஜே. வேலை செய்கிறவள்.

கல்யாணம் என் மனைவியின் தம்பி மகனுக்கு. வரவேற்பில் என் மகள் இசை போட வேண்டும் என்று மாப்பிள்ளைப் பையன் பிடிவாதம் பிடித்தான். அவன் அப்பாவுக்கு, அதாவது என் மைத்துனருக்கு, அதில் துளியும் இஷ்டமில்லை. முந்தின வாரம் மண்டிக்கு வந்து என் எதிரிலேயே மகளிடம் சொல்லிவிட்டார்.

“ஆர்கெஸ்ட்ராவுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன் கண்ணு. நீ ஆறரைக்கு ஆரம்பி. ஏழே காலுக்குள்ள ஜனம் எழுந்து ஆடுச்சுன்னா எட்டு மணி வரைக்கும் நீயே போடு. ஆடலன்னா எறங்கிடணும். அப்புறம் மாமா மேல கோவிச்சுக்கக் கூடாது.”

“ஆடுவாங்க மாமா.”

“இன்னாத்த ஆடுவாங்க? மலையனூர் கோயில் அமாவாசைக்குக்கூட இவ்ளோ சத்தம் இருக்காது. பொம்பளைங்க காதப் பொத்திக்கினு சாப்பாட்டுக்கு ஓடிடுவாங்க பாரு.”

அவள் சிரித்தாள். அவர் போன பிறகு சிரிக்கவில்லை. பெங்களூர், கோவா, கொழும்பு, பெர்லின் என்று பதினொரு ஊர்களில் வாசித்துவிட்டாள். சொந்த ஊரில் ஒரு தடவைகூட இல்லை. “இங்க எறக்கி உட்டாங்கன்னா, மத்த ஊர் எல்லாம் கணக்குல வராது நைனா” என்றாள். அதனால்தான் எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

இந்தத் தொழிலை நான் புரிந்துகொண்டது தாமதமாகத்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் சனிக்கிழமைதோறும் பாட்டு போடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, மைக் செட்காரன் செய்கிற வேலைக்கு எதற்கு என்ஜினீயரிங் என்று கேட்டேன். முதல் இரண்டு வருடம், பெரிய ஆட்கள் மேடையேறும் முன் காலி நாற்காலிகளுக்கு வாசித்தாள். பிறகு தானே இசை செய்ய ஆரம்பித்தாள். ஒருமுறை அவள் அறையில் போய்த் தங்கினேன். சுவரெல்லாம் எங்கள் மண்டிச் சாக்கில் உமி அடைத்துத் தொங்கவிட்டிருந்தாள், சத்தம் வெளியே போகாமல் இருக்க. அங்கே ஒரே ஒரு ‘தும்’ ஓசைக்கு நான்கு நாள் உழைத்தாள். எனக்கு எல்லா ‘தும்’மும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு நெல்லைப் பல்லில் கடித்து, இன்னும் ஈரம் இருக்கிறது, காயவை என்று நான் திருப்பி அனுப்பும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்று அவள் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்திரண்டு ‘தும்’ ஆனதும் ஒரு புதுச் சத்தம் உள்ளே வந்தது. இன்னொரு முப்பத்திரண்டு ஆனதும் வேறொன்று. ஆறு நிமிடம் எண்ணினேன். ஒரு இடத்திலும் கணக்கு தவறவில்லை. இத்தனை ஒழுங்கான இசையை வெறும் இரைச்சல் என்று சொல்கிறவர்கள் எண்ணிப் பார்க்காதவர்கள்.

அந்த இசைக்குள் எங்கள் மண்டியும் இருந்தது. லாரியில் மூட்டை ஏற்றும்போது முதல் மூட்டையை நாங்கள் ஒன்று என்று சொல்லமாட்டோம். ‘லாபம்’ என்போம், அடுத்தது ரெண்டு, மூணு. சுமை தூக்குகிறவர்கள் அப்படிக் கூவி எண்ணியதை அவள் போனில் பதிந்து, ‘தும்’மின் மேல் வைத்திருந்தாள். ஆனால் எட்டுக்குப் பிறகு மறுபடியும் லாபம் என்று வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“எட்டு மூட்டைக்கு அப்புறம் மறுபடி லாபமா? மிச்ச மூட்டை எங்க போச்சு?”

“போவல நைனா. சுத்திக்கினே இருக்குது.”

“லோடு எப்பதான் முடியும்?”

“ஆடறவங்களுக்குக் கால் வலிச்சா முடியும்.”

கல்யாணத்தில் அவள் அதைத்தான் கடைசி ஆயுதமாக வைத்திருந்தாள். எனக்குக் கரண்டைப் பற்றித்தான் பயம். அறுவடைக் காலத்தில் சாயங்காலம் எங்கள் ஊர் வோல்டேஜை நம்ப முடியாது. ஆகவே மண்டபத்து விளக்குகளை ஊர்க் கரண்டிலேயே விட்டு, அவள் சத்தத்துக்கு மட்டும் என் ஜெனரேட்டரிலிருந்து தனி வயர் இழுத்தேன். அந்த வயர் போய்விட்டால் உடனே ஊர்க் கரண்டுக்கு மாற்ற ஒரு லிவர் கைப்பிடி. அதன் மேல் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மண்டிப் பாட்டு ஆரம்பித்தது. சுவருக்கு அப்பால் ஒரு கூச்சல் எழுந்தது. எங்கள் சுமை தூக்குகிறவர்கள் பன்னிரண்டு பேர் கடைசி வரிசையில் இருந்தார்கள். தங்கள் குரலைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு சட்டென்று நின்றது.

ஜெனரேட்டர் ஓடுகிறது, உள்ளே சத்தம் இல்லை. வயர் போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கைப்பிடியை இழுத்து மாற்றினேன். உள்ளே ‘பட்’டென்று ஒரு வெடிச் சத்தம்.

வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜனம் மூச்சைப் பிடித்து நிற்கட்டும் என்று எட்டு எண்ணிக்கைக்கு அவளேதான் சத்தத்தை நிறுத்தியிருக்கிறாள். ஒன்பதாவதில் எல்லாம் ஒன்றாக வந்து விழ வேண்டும். நான் ஆறாவதிலேயே இழுத்துவிட்டேன். ஒரு பக்க ஆம்ப்ளிஃபையர் புகைந்தது. மேடையில் இருந்த கருவிகள் எல்லாம் அணைந்து, மறுபடி உயிர் பெற ஒரு நிமிடம் எடுத்தன.

நான் உள்ளே ஓடியபோது மைத்துனர் ஆர்கெஸ்ட்ராக்காரர்களை மேடைக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அவரைப் பார்க்கவில்லை, இருட்டிப்போன கருவிகளையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள், அதே வேகத்தில், ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல். பின்வரிசையிலிருந்து எங்கள் ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

“லாபம்! ரெண்டு! மூணு!”

எட்டுக்கு வந்ததும் அவள் விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடி லாபம். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்றே ஜனம் நினைத்துவிட்டது. பட்டுப்புடவைப் பெண்கள் எழுந்து தட்டினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு தட்டினார்கள். நானூறு பேராவது இருப்பார்கள், வரிசைக்கணக்கில் சொல்கிறேன். ஒரு வாத்தியமும் இல்லாமல் மண்டபம் முழுக்க மூட்டை எண்ணியது. கருவியில் விளக்கு வந்ததை அவள் கடைக்கண்ணால்தான் பார்த்தாள். அவசரப்படவில்லை. ஏழும் எட்டும் போகும்வரை காத்திருந்து, சரியாக ‘லாபம்’ என்ற சொல்லின் மேல் அந்த நான்கு நாள் ‘தும்’மை இறக்கினாள். ஒரு பக்க ஸ்பீக்கர்தான் வேலை செய்தது. அதுவே போதுமாக இருந்தது, தரை அதிர்ந்தது.

ஏழு இருபத்தைந்துக்கு மைத்துனரைத் தேடினேன். அவர் முன்வரிசையில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஆர்கெஸ்ட்ரா பாடகர் அவர் தோளைப் பிடித்தபடி ஆடினார். எட்டு மணியையும் தாண்டி எட்டே முக்கால் வரை அவள்தான் வாசித்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தாள்.

“லிவர இழுத்தது யாரு நைனா?”

“வயர் போச்சுன்னு நெனச்சேன். நிறுத்தப் போறேன்னு முன்னாடியே சொல்ல வேணாமா?”

“எட்டுதான உட்டேன். எல்லாத்தையும் எண்ற நீ, இதயும் எண்ணுவன்னு இருந்துட்டேன்.”

“ஆறு வரைக்கும் எண்ணினேன்.”

எதிர் இலையில் இருந்த மைத்துனர் பாயசத்தை வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் கண்ணு, அந்தக் கரண்ட் போறது, கை தட்றது, எல்லாம் எவ்ளோ நாள் பிராக்டிஸ்?”

அவள் என்னைப் பார்த்தாள். “நைனாவுக்கு மட்டும்தான் மாமா பிராக்டிஸ் வேணும்” என்றாள். எனக்குப் புரையேறியது.

எட்டு எண்ணிக்கைக்குச் சத்தத்தை நிறுத்துவது அதிகம் என்றே இன்றும் அவளிடம் சொல்லி வருகிறேன். நான்கு போதும். ஆனால் அந்த ஒரு நிமிடம், கையில் ஒன்றும் இல்லாமல் நானூறு பேரைக் கணக்குத் தவறாமல் பிடித்து நிறுத்திய ஆளை வேறு எந்தத் தொழிலிலும் நான் பார்த்ததில்லை. மறுநாள், ஆம்ப்ளிஃபையரை வாடகைக்குக் கொடுத்திருந்த சவுண்ட் சர்வீஸ்காரர் பில்லோடு மண்டிக்கு வந்தார். அவள் பையைத் திறந்தாள், நான் விடவில்லை. ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர், புது ஃபியூஸ், விழுப்புரம் போய்வந்த ஆட்டோ வாடகை எல்லாம் சேர்த்து, பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.